இரண்டு மொழி, ஒரு தொண்டை

சேலம் குகையில் வசிக்கும் மூத்த நாடக, திரைப்பட நடிகை வாசகர் கேள்விகளுக்கு எழுதும் பதில்கள்

போன இதழில் அரிச்சந்திரன் மனைவி சந்திரமதி வேஷத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த வேஷத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் போட்டவள் நான் என்று அதில் ஒரு வாக்கியம் வந்தது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

நாமக்கல்லிலிருந்து ஒரு தமிழாசிரியை: உங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் தெலுங்கு நாடகம்தானே உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்?

இல்லை டீச்சர், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் பிறந்தது 1951இல், குகையில். குகை, பொன்னம்மாப்பேட்டை, அம்மாப்பேட்டைப் பக்கம் வந்து பாருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் என்று அடுத்தடுத்த தெருவில் கேட்கும். வீட்டுக்கு வீடு தறி. தறிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பேசிப் பேசியே எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் தொண்டை திறந்துவிடும். எங்கள் வீட்டுத் தெலுங்கு வாய்க்குள்ளேயே இருந்த தெலுங்கு. அம்மாவுக்கும் தெலுங்கு எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் தமிழ். 15 வயதில் ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது பல ஊர்க் கலைஞர்கள் அந்த ஒரு ராத்திரிக்கு ஒன்று சேர்ந்து போடுகிற நாடகத்தில், ஏறியபோது பாட்டு, வசனம், தர்க்கம் எல்லாம் தமிழில்தான் பாடம் பண்ணினேன்.

1973இல் சித்தூர்ப் பக்கம் ஒரு குழுவுக்கு ஸ்திரீபார்ட், அதாவது நாயகி வேஷக்காரி, வேண்டும் என்று எங்கள் ஆர்மோனியக்காரர் என்னை அழைத்துப் போனார். பெரிய தைரியத்தோடு போனேன். வீட்டில் பேசுகிற பாஷைதானே என்ற எண்ணம். முதல் வசனத்தைச் சொன்னதும் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "அரவத் தெலுங்கு" என்றார் ஒருவர். தமிழை அவர்கள் அரவம் என்பார்கள். எங்கள் வீட்டுத் தெலுங்கில் பாதிச் சொல் தமிழ், இழுப்பு முழுக்கத் தமிழ். இத்தனை வருஷம் தாய்ப்பேச்சு என்று நினைத்திருந்தது இன்னொரு ஊரில் செல்லாது என்று தெரிந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் அந்தக் குழுவின் வாத்தியார் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். ஆனால் தமிழில் ஒரு 'க'தான் இருக்கிறது. தெலுங்கில் அந்த இடத்தில் நாலு இருக்கின்றன. சுலோகப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்களே, அந்த முறையைத்தான் பிடித்துக்கொண்டேன். கதை என்பதற்கு அவர்கள் சொல்லும் 'கத'வில் த பக்கத்தில் 2. தர்மத்தின் தகரத்துக்கு 4. பாக்கியத்தின் பகரத்துக்கும் 4. எண்களை மட்டும் சிவப்புப் பென்சிலில் எழுதினேன். உள்ளங்கையை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லச் சொன்னார் வாத்தியார். 2, 4 வரும் இடத்தில் கையில் காற்று பட வேண்டும். 4 என்றால் அது அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். நாற்பது நாள் இப்படிச் சாதகம் செய்தேன். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எதிர்த் திசையில் இதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்குக் கை தானாகக் குவியும். கண்ணாம்பா தெலுங்கு நாடக மேடையிலிருந்து வந்தவர். 1942இல் வந்த 'கண்ணகி'யில் இளங்கோவன் எழுதிய வசனத்தை அவர் பேசுவதைக் கேளுங்கள். அந்தக் காலத்துச் செந்தமிழ், மூச்சு முட்டுகிற நீளம். 1954இல் 'மனோகரா'வில் இன்னும் பெரிய சுமை. ஒவ்வொரு சொல்லும் பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் வைத்து அறுத்துக் கொடுத்ததுபோல் விழும். அதற்குப் பின்னால் எத்தனை ராத்திரி இருந்திருக்கும் என்று என்னைப் போன்றவளுக்குத் தெரியும்.

ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர்: சந்திரமதி அழுவது எந்த மொழியில் என்றாலும் அழுகைதானே? என்ன வித்தியாசம்?

ஐயா, இந்தக் கேள்விக்கு நான் ஒரு ராத்திரி முழுக்கப் பதில் சொல்வேன்.

தமிழில் நான் போட்டது நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வருகிற மயான காண்டம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும் நாடகத்தில் பாம்பு கடித்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வரும்போது விடியற்காலை மூன்று, மூன்றரை ஆகியிருக்கும். ஆண்கள் பாதிப் பேர் பாயில் தூங்கிவிடுவார்கள். பெண்கள் தூங்க மாட்டார்கள். அந்த நேரத்தில் எடுக்கிற பாட்டு பாதி ஒப்பாரி. மாரில் அடித்துக்கொள்வேன், தலைமயிரை அவிழ்ப்பேன், மண்ணில் புரளுவேன். ஆர்மோனியம் என் பின்னால் வரும், நான் அதற்குப் பின்னால் போக வேண்டியதில்லை. கீழே உட்கார்ந்திருக்கும் பெண்களில் யாராவது தன் வீட்டுச் சாவை நினைத்து வாய்விட்டு அழ ஆரம்பித்தால் நான் அந்த அழுகையின் சுருதியைப் பிடித்துக்கொண்டு மேலே போவேன்.

தெலுங்கில் சத்ய ஹரிச்சந்திரா பத்ய நாடகம். பலிஜேபல்லி லக்ஷ்மீகாந்தம் எழுதியது. சுடுகாட்டுக் காட்சியில் குர்ரம் ஜாஷுவாவின் பத்யங்களையும் சேர்த்துப் பாடுவார்கள். பத்யம் என்றால் செய்யுள். ஒவ்வொரு செய்யுளின் கடைசியிலும் ராகத்தை நீட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்கு மூச்சு வேண்டும். மாரில் அடித்துக்கொண்டால் மூச்சு போய்விடும். புரண்டால் போய்விடும். அதனால் உடம்பு அசையாமல் இருக்க வேண்டும், துக்கம் முழுக்கக் கழுத்துக்கு மேலே. முதல் தடவை நான் பழக்கத்தில் மாரில் அடித்துவிட்டேன், பாதி பத்யத்தில் குரல் உடைந்தது.

இன்னொன்றும் உண்டு. அங்கே பத்யம் பிடித்துவிட்டால் ஜனங்கள் "ஒன்ஸ்மோர்" கேட்பார்கள். மடியில் பிள்ளை செத்துக் கிடக்கிறது, நான் அதே பத்யத்தை முதலிலிருந்து பாட வேண்டும். எனக்கு அது முதலில் பெரிய பாவமாகப் பட்டது. அப்புறம் பழகியது. இரண்டாம் தடவை பாடும்போது முதல் தடவையில் பாடாத ஒரு சங்கதி, ராகத்தில் புதிதாக ஒரு வளைவு, வரும். அதைக் கேட்கத்தான் அவர்கள் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

சொல்லே வேறு மாதிரி முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் மகன், அவன், மரம், கண் என்று சொற்கள் மெய்யில் மூடிக்கொள்ளும். உதடு அல்லது நாக்கு போய் அடைக்கும். தெலுங்கில் ஏறக்குறைய எல்லாச் சொல்லும் உயிரில் முடியும். மகன் அங்கே கொடுகு. வாய் திறந்தே நிற்கும். தமிழில் விசும்பல் சொல்லின் கடைசியில் முட்டி நிற்கும், அந்த முட்டலில்தான் எதிரே இருப்பவருக்குத் தொண்டை அடைக்கும். தெலுங்கில் விசும்பல் வெளியே ஓடிவிடும், அதை ராகமாகப் பிடிக்க வேண்டும். ஒரே பெண், ஒரே சாவு, ஒரே சுடுகாடு. ஆனால் நான் இரண்டு வேறு உடம்போடுதான் போனேன்.

ஓமலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தினமும் பார்க்கிறேன். பிறமொழி நடிகைகள் உண்மையாகவே சேலத்துக்கு வந்து நடித்தார்களா?

வந்தார்கள் தம்பி. அந்த வளைவு மட்டும்தான் இப்போது மிச்சம், உள்ளே வீடுகளாகிவிட்டது. திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்', 1938, இங்கேதான் உருவானது. எம்.கே. கமலம் என்ற நாடக நடிகைதான் அதில் நாயகி. மலையாளத்தின் முதல் வண்ணப் படம் 'கண்டம் பெச்ச கோட்டு', 1961, அதுவும் இவர்கள் எடுத்ததே. நடுவில் 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. அதில் பானுமதி.

பானுமதியை நான் ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், தெலுங்கிலிருந்து வந்தவர், தமிழில் பேசியதும் அவர் குரல், பாடியதும் அவர் குரல். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1953இல், 'சண்டிராணி' படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் அவரே இயக்கி நடித்தார். 28 வயதுகூட நிறையாத பெண் மூன்று மொழியில் ஒரு படத்தை நடத்திக்கொண்டு போனார் என்பதை இன்றைக்கு இருக்கிற பெண்பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

என் தாய்மாமா அந்த ஸ்டூடியோவில் துணி தைக்கிற பகுதியில் இருந்தார். மிச்சமான ஜரிகைத் துண்டுகளை எனக்குக் கொண்டுவந்து தருவார். பொம்மைக்குப் பாவாடை கட்டுவேன். சினிமா என்றால் எனக்கு முதலில் அந்த ஜரிகைதான்.

சௌகார் ஜானகியம்மாளையும் விட முடியாது. ராஜமுந்திரியில் பிறந்தவர். வானொலியில் குரல் கொடுத்துப் பழகி, 1950இல் தெலுங்குப் படம் 'சௌகார்' மூலம் வந்தவர். அந்தப் படத்தின் பேரே அவர் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. தமிழில் அவருடைய ஆரம்பம் 1952இல் 'வளையாபதி', நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் படம். பாரதிதாசன் வசனம். தெலுங்குக்காரப் பெண்ணுக்குத் தமிழில் முதல் பாடமே பாரதிதாசன் என்றால் எப்படி இருந்திருக்கும்! அதற்குப் பிறகு மேடை நாடகங்களிலும் நூற்றுக்கணக்கான முறை ஏறியிருக்கிறார். 1969இல் 'இரு கோடுகள்' படத்தில் கலெக்டராக அவர் பேசுகிற தமிழில் ஒரு இடத்தில்கூடத் தெலுங்கு இழுப்பு கிடையாது. 1981இல் 'தில்லு முல்லு'வில் அதே குரலைச் சிரிப்புக்குத் திருப்பினார். 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ரொம்பத் தாமதம் என்பது என் அபிப்பிராயம்.

மனோரமா ஆச்சி பிறமொழிக்காரர் இல்லை. ஆனால் நாடக மேடையிலிருந்து வந்த அவரை நாயகியாக்கிய 'கொஞ்சும் குமரி', 1963, இதே ஸ்டூடியோ. ஒரு தமிழுக்குள்ளேயே பத்துத் தமிழ் பேசியவரை இந்தப் பேச்சில் சேர்க்காமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: ஒரே படத்தை இரண்டு மொழியில் எடுக்கும்போது ஒருமுறை நடித்துவிட்டுக் குரலை மட்டும் மாற்றுவார்களா?

இப்போது அப்படியும் நடக்கிறது. அந்தக் காலத்தில் பெரிய நிறுவனங்கள் இரண்டு முறை எடுத்தார்கள். ஒரே செட், ஒரே விளக்கு, தெலுங்கில் ஒரு டேக், தமிழில் ஒரு டேக். 1955இல் 'மிஸ்ஸம்மா' தெலுங்கு, 'மிஸ்ஸியம்மா' தமிழ். அங்கே என்.டி. ராமராவ், இங்கே ஜெமினி கணேசன். ஆனால் இரண்டிலும் சாவித்திரி. எதிரே நிற்கும் ஆள் மாறுவார், பேசுகிற பாஷை மாறும், அதே கோபத்தை, அதே கண்ணீரை இரண்டு பேரிடமும் காட்ட வேண்டும். விஜயவாடாவில் சிறுமியாக நாடகத்தில் ஆடிய பழக்கம்தான் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். எதிரே நாயகனாக நேற்று ஒரு ராஜபார்ட், இன்று இன்னொரு ராஜபார்ட் என்பது மேடைக்காரிக்குச் சாதாரணம்.

1957இல் வந்த 'மாயாபஜார்' இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். தெலுங்கில் அவர் பேர் சசிரேகா, தமிழில் வத்சலா. கடோத்கஜன் அவள் உருவத்தை எடுத்துக்கொண்டு வரும் இடம் இருக்கிறதே, அதில் கடோத்கஜனாக நடித்த ரங்காராவின் தோளையும் புருவத்தையும் ஒரு பெண் உடம்பில் கொண்டுவருவார். தமிழை விடத் தெலுங்கில் அந்த முறைப்பு ஒரு மாத்திரை கூடுதலாக நிற்கும் என்று எனக்குத் தோன்றும். என் காது அப்படி. நீங்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சங்ககிரியிலிருந்து: அப்போது ஒரு நாடகத்துக்கு எவ்வளவு கொடுப்பார்கள்?

1966இல் எனக்கு ஒரு நைட்டுக்கு 15 ரூபாய். அதில் முகத்துக்குப் பூசும் முத்துவெள்ளை, பவுடர், பஸ் செலவு என் கையிலிருந்து. 1973இல் தெலுங்கு மேடையில் 60 ரூபாயும் சாப்பாடும். சினிமாவில் முதல் வேஷத்துக்கு 250.

தர்மபுரியிலிருந்து ஒரு வாசகி: சினிமாவில் உங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நேரில் மேடையில் கேட்ட குரல் அது இல்லையே அம்மா?

இல்லை. அதைக் கண்டுபிடித்த உங்களுக்கு என் வணக்கம்.

1979. தமிழ்ப் படம். கதாநாயகனின் விதவை அண்ணியாக ஐந்து காட்சி. சென்னையில் எட்டு நாள் படப்பிடிப்பு. நீளமான ஒரு வசனம், கேமராவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்க ஒரு உதவி இயக்குநர் நின்றிருந்தார். எனக்கு எடுத்துக்கொடுக்கத் தேவைப்படவில்லை, ஒரே டேக்கில் ஓகே ஆனது. லைட்டு பாய் ஒருவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். டப்பிங்குக்குச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நான் சேலம் வந்து காத்திருந்தேன். கடிதம் வரவில்லை. வேறு நாடகம் எதுவும் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு மாதம் இருந்தேன்.

படம் நம் ஊரில் வெளியானது. அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காக்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மேட்னி போனேன். என் காட்சி வந்தது. என் முகம், என் வாய் அசைகிறது. வந்தது வேறு ஒருத்தியின் குரல். மெல்லிசான, சின்ன வயசுக் குரல். அந்த வசனத்தில் நான் மூச்சு விட்ட இடத்தில் அவர் விடவில்லை. நான் நிறுத்திய இடத்தில் அவர் ஓடினார். இருட்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் சொன்னார், "இதி நீ கொந்து காதே." இது உன் தொண்டை இல்லையே என்று அர்த்தம். தெலுங்கில் கொந்து என்றால் தொண்டையும் அதுதான், குரலும் அதுதான். தமிழில் நாம் இரண்டு சொல் வைத்திருக்கிறோம். அன்றைக்கு எனக்கு அம்மா சொன்ன சொல்தான் சரியாக இருந்தது. கழுத்திலிருந்து எதையோ எடுத்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது. படத்தில் இருந்த நாலு பெண் வேஷத்துக்கும் ஒரே பெண்ணை வைத்து ஒரே நாளில் பேச வைத்துவிட்டார்கள். என்னை வரவழைத்தால் பஸ் செலவும் ஒரு நாள் படியும் ஆகும் என்பது கணக்கு. குரல் கொடுத்த அந்தப் பெண்மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. கூலிக்கு வந்து வேலை செய்தவர். நாலு பேருக்கு நாலு விதமாகப் பேச அவரும் பாடுபட்டிருப்பார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தார்களே, அதுதான் இன்றும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு அட்வான்ஸ் வாங்கும்போதே ரசீதில் "டப்பிங் நானே பேசுவேன்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டேன். மூன்று படம் கையை விட்டுப் போனது. போகட்டும் என்று விட்டேன். 1982இல் ஒரு தெலுங்குப் படத்தில் ஒத்துக்கொண்டார்கள். அப்போது டப்பிங் லூப் முறையில் நடக்கும். படத்துண்டின் இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி ஓட்டுவார்கள், ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். முதல் சுற்றில் பார்க்க வேண்டும், இரண்டாம் சுற்றில் முணுமுணுக்க வேண்டும், மூன்றாம் சுற்றில் உதடு பிடிபடும். இருட்டு அறை, மைக்கின் முன்னால் ஒரு சின்ன விளக்கு, கையில் என் சிவப்பு எண் போட்ட நோட்டு. முப்பத்தொரு வயதில் என் முகத்துக்கு என் குரலை நானே கொடுத்தேன். அந்தப் படம் சேலத்துக்கு வரவில்லை. அம்மாவைச் சித்தூருக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன்.

ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் மலையில் நாடகம் போட்டிருக்கிறீர்களா?

போட்டிருக்கிறேன். காபிப் பழம் பறித்து முடித்து, தை மாதக் கடைசியில் எஸ்டேட்டுகளில் கூப்பிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிவதற்குள் குழுவில் பாதிப் பேருக்கு வாந்தி. நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கண்ணை மூடிக்கொள்வேன்.

மேலே குளிரும் பனியும் மேடைக்காரர்களுக்குப் பெரிய சோதனை. மிருதங்கத்தின் தோல் ஈரத்தில் இறங்கிவிடும், அவர் கல்லை வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பார். சமவெளியில் நாலரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறவள் அங்கே நாலுக்கு இறக்கிக்கொள்வேன். சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு மூன்றையும் இடித்து முடிச்சுக் கட்டி இடுப்பில் வைத்திருப்பேன். பனி இறங்கிவிட்டால் எதிரே ஆட்கள் தெரிய மாட்டார்கள், பெட்ரோமாக்ஸைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் மட்டும்தான். யாரிடம் பாடுகிறோம் என்றே தெரியாது. இருமல் சத்தத்தை வைத்துத்தான் கூட்டத்தை அளப்பேன்.

ஒரு வருஷம் நாடகம் முடிந்து விடிகிற நேரம். கணக்கப்பிள்ளையின் மனைவி தெலுங்குக்காரர், சித்தூர்ப் பக்கத்துப் பெண். லயத்து வாசலில், அதாவது எஸ்டேட் ஆட்களின் வரிசை வீட்டு வாசலில், டீ கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பத்யம் பாடச் சொல்லிக் கேட்டார். அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டே பல வருஷம் ஆயிற்று என்றார். சந்திரமதியின் பத்யத்தைப் பாடினேன். சுற்றி நின்றவர்கள் மலையாளிப் பெண்கள். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன், சேர்வராயன் மலையில் மலையாளி என்றால் கேரளத்துக்காரர் இல்லை, மலையை ஆளுகிற தமிழ்க்குடி. அவர்களுக்குத் தெலுங்கு ஒரு சொல்கூடத் தெரியாது. முடித்ததும் ஒரு கிழவி என் முகவாயைத் தொட்டு, "பிள்ளையைப் பறிகொடுத்தவளா பாடறா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கணக்கப்பிள்ளையின் மனைவி ஒன்றும் பேசாமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருக்கும் அப்படி ஒரு துக்கம் உண்டு என்று இறங்கும்போது வேனில் சொன்னார்கள்.

ஓசூரிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு 19 வயது. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். நடிக்க வேண்டும் என்கிறாள். இரண்டு மொழி தெரிவது உதவுமா?

உங்கள் மகளுக்கே நேராகச் சொல்கிறேன் அம்மா.

கண்ணு, உதவும். ஆனால் வீட்டில் பேசுவதை மட்டும் நம்பிப் போகாதே, நான் போய் அவமானப்பட்டேன். முதலில் தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொள். எனக்கு அது 40 வயதில்தான் வாய்த்தது, அதுவரை சிவப்புப் பென்சிலோடு இருந்தேன். தினமும் காலையில் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு சத்தமாகப் படி. தமிழில் ழகரமும் வல்லின றகரமும், தெலுங்கில் காற்றெழுத்துகளும் சுத்தமாக வர வேண்டும். உன் போனில் பதிவு செய்து கேள். அந்த வசதி எங்களுக்கு இருந்ததில்லை.

முறையாகப் படிக்க வேண்டுமென்றால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பேரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. தேசிய நாடகப் பள்ளியின் மையம் பெங்களூருவில் இருக்கிறது, உன் ஊருக்குப் பக்கம்தான். பட்டப்படிப்பை மட்டும் பாதியில் விடாதே. எந்தப் படத்துக்கு ஒத்துக்கொண்டாலும் ஒப்பந்தத்தில் குரல் யாருடையது என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பார். இல்லையென்றால் கேட்டு எழுதச் சொல். டப்பிங் வேலையும் நல்ல வேலை, அதற்கு இன்று சங்கம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. இரண்டு மொழிக்காரிக்கு அங்கே எப்போதும் இடம் உண்டு. ஆனால் இன்னொரு பெண்ணின் முகத்துக்குக் குரல் கொடுக்கும்போது அவளுக்கு அது தெரியுமா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் பேசு.

சேலம் அழகாபுரத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி: அந்தச் சிவப்புப் பென்சில் நோட்டைப் பற்றி ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். அது இன்னும் இருக்கிறதா? ஆய்வுக்குக் கொடுப்பீர்களா?

இருக்கிறது கண்ணு. அம்மாவின் தகரப் பெட்டியில், அவருடைய கல்யாணப் புடவைக்கு அடியில். அட்டை போய்விட்டது, முதல் ஆறு பக்கம் கரையான் தின்றுவிட்டது. மற்றபடி சந்திரமதி முழுசாக இருக்கிறாள். சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டது, படிக்க முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள். எந்த எண்ணுக்கு எப்படி மூச்சு என்று நானே பாடிக் காட்டுகிறேன், அதையும் பதிவு செய்துகொள். நோட்டை மட்டும் வெளியே அனுப்ப மாட்டேன்.